பேய்க்கதைகளும் பேராத் தோட்டங்களும்

மனிதனுக்கு அச்சம் எவற்றால் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காகப் பகுத்துக் கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்கு. அணங்கு என்பதில் பேய், பூதம் முதலியவற்றை அடக்கினர் உரையாசிரியர்கள். இறை என்பதற்கு அரசர், தந்தையர் என்று பொருள் கூறிய அவர்கள், அவ்வரிசையில் ஆசிரியரையும் சேர்த்துவிட்டனர். நெடுங்காலம் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி வரும் எனக்கு, பேயும் நானும் ஒரே நூற்பாவின் உரையில் இடம்பெற்றுள்ளோம் என்பதை எண்ணும்போதெல்லாம் சிரிப்பு வருவதுண்டு.

இந்நான்கு அச்சங்களும் ஒருவன் வாழ்வில் ஒரே நாளில், அதுவும் பொழுது புலர்வதற்கு முன்னரே, ஒருங்கு வந்து சேர்ந்த இடம் ஒன்று உண்டு. அதுவே மலாயாவின் ரப்பர்த் தோட்டம். பேரா மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பா, பீடோர், கம்பார் எனப் பரந்து கிடந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், இருளில் பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் தம் நிரையைத் தேடிச் சென்றவர்கள். மரத்தின் பால் காலைக் குளிரில்தான் நன்கு ஊறும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து உறைந்துவிடும். ஆகவே இருள் என்பது அவர்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவ்விருளில் முனி நிற்குமோ என்னும் அச்சம் அணங்கினால் வந்தது. காட்டோர நிரைகளில் புலியும் பன்றியும் வருமோ என்னும் அச்சம் விலங்கினால் வந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் இதே மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், 1960 வரை, துப்பாக்கியோடு வருவோர் பற்றிய அச்சமும் உடன் சேர்ந்தது. நேரம் தவறினால் கங்காணியும் கிராணியும் துரையும் என்ன செய்வார்களோ என்பது தம் இறையால் வந்த அச்சம். இவற்றுள் எதைப் பற்றி மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து உரக்கப் பேசலாம்? துரையைப் பற்றிப் பேச முடியாது; துப்பாக்கிக்காரர்களைப் பற்றிப் பேசுவது அதனினும் தீது. பேயைப் பற்றிப் பேசினால் எவரும் தடுக்க மாட்டார்கள். தோட்டங்களில் பேய்க்கதை அத்துணைச் செழிப்பாக வளர்ந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் துணிபு.

அஞ்சுவது வேறு, அஞ்சி மகிழ்வது வேறு. இவ்விரண்டும் நம் இலக்கியத்தில் அருகருகே இருந்து வந்துள்ளன. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் கதை வருகிறது. சார்ங்கலன் என்னும் இளைஞன் தனியே சுடுகாட்டுக்குள் புகுந்து, அங்கே தலை ஒன்றைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேய்மகளைக் கண்டு நடுங்கி, வீட்டுக்கு ஓடிவந்து தாய் கோதமியிடம் தான் கண்டதைக் கூறிவிட்டு உயிர் விடுகிறான். படிப்போர் உள்ளத்தை உறையச் செய்யும் கதை அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் பசியால் புலம்புகின்றன. போர்க்களத்தில் கூழ் அட்டு, பந்தி அமர்ந்து, ஒன்றையொன்று நையாண்டி செய்துகொண்டு உண்கின்றன. சோழனின் அவைக்களத்தில் அதைக் கேட்டோர் நடுங்கியிருப்பர் என்று எவரும் கூறார். வயிறு குலுங்கச் சிரித்திருப்பர். காரைக்கால் அம்மையாரோ பேயுருவையே விரும்பி வேண்டிப் பெற்றவர். எனவே பேயைக் கண்டு களிப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று கருத வேண்டியதில்லை.

இதனை ஏன் கூறுகிறேன் எனின், இப்போதெல்லாம் அக்டோபர்த் திங்கள் முடிவில் நம் நகரத்துப் பேரங்காடிகளில் பூசணிக்காய் முகங்களும் எலும்புக்கூட்டு உடைகளும் தொங்கவிடப்படுகின்றன. சிங்கப்பூரில் யுனிவர்சல் ஸ்டூடியோ 2011-ஆம் ஆண்டு ஹாலோவீன் திகில் இரவுகளைத் தொடங்கியபின், கட்டணம் செலுத்தி அஞ்சுவதற்கு நம் நாட்டு இளைஞர் எல்லை கடந்து செல்வதும் வழக்கமாயிற்று. சிலர் இதனைப் பண்பாட்டுச் சீரழிவு என்று சாடுகின்றனர். நான் அவ்வாறு சாட விரும்பவில்லை. ஆயினும் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

ஹாலோவீன், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்களின் சாமைன் என்னும் பருவ விழாவை ஒட்டி எழுந்தது என்பர். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள் அது. அக்டோபர் 31 இரவு, இறந்தோரும் பிறவும் இவ்வுலகுக்குள் வந்துபோகும் இரவு என்று அம்மக்கள் நம்பினர். பின்னர்க் கிறித்துவத் திருச்சபையில் நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவரின் திருநாள் ஆனபோது, அதற்கு முந்திய மாலை இப்பெயரைப் பெற்றது. ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் இத்தலைப்பிலேயே நெடும்பாடல் ஒன்று எழுதினார். அங்கே முதலில் குடைந்து விளக்கேற்றப்பட்டது பூசணிக்காய் அன்று. டர்னிப் என்னும் கிழங்கே. வறுமையால் அமெரிக்கா சென்ற அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகள் அங்கே எளிதில் கிடைத்த பெரிய பூசணிக்காயைக் கண்டு அதற்கு மாறினர். கடல் கடந்து போன ஏழைகள் தம் பேய்களையும் உடன் கொண்டுபோயினர். புதிய மண்ணில் கிடைத்ததை வைத்து அவற்றுக்கு வடிவம் கொடுத்தனர். நம் கதையும் அதுவே.

தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் வழியே கப்பலேறி வந்த நம் முன்னோர், மாரியம்மனையும் காளியம்மனையும் மட்டும் கொண்டுவரவில்லை. முனீஸ்வரரும் மதுரைவீரனும் உடன் வந்தனர். தோட்டத்தின் நடுவே அம்மனுக்குக் கோயில். எல்லையில், காடு தொடங்கும் இடத்தில், ஏதேனும் ஒரு பெருமரத்தடியில் சூலம் நட்டு முனிக்கு இடம். ஊர்க்காவல் தெய்வத்துக்கு எல்லையில்தானே வேலை! அவ்வெல்லைக்கு அப்பால் இருப்பன எல்லாம் பேயின் ஆட்சிக்கு உட்பட்டவை. கொள்ளிவாய்ப் பிசாசு, இரத்தக் காட்டேரி, மோகினி என்று அவற்றுக்குப் பெயர்களும் தமிழகத்திலிருந்தே வந்தன. சதுப்பு நிலத்தில் மக்கிய தழைகளிலிருந்து எழும் வாயு எரிவதே கொள்ளிவாய்ப் பிசாசு என்று அறிவியல் ஆசிரியர் கூறுவார். அது சரிதான். ஆனால் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தோட்டம் போட்டபோது இடுப்பளவு சேற்றில் நின்றவனுக்கு அவ்வாயுவை விளக்கிச் சொல்ல அங்கு எவரும் இருந்ததில்லை.

தோட்டத்துப் பேய்க்கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. புத்தகப் பேய்க்கதை ‘முன்னொரு காலத்தில் ஓர் ஊரில்’ என்று தொடங்கும். தோட்டத்துக் கதை அவ்வாறு தொடங்குவதில்லை. எந்த நிரை, எந்தக் கிணறு, பழைய லயத்தில் கடைசிக்கு எத்தனையாவது வீடு, யார் தூக்கிலிட்டுக்கொண்ட மரம் என்று இடத்தைத் துல்லியமாகக் காட்டியே தொடங்கும். கேட்பவன் மறுநாள் விடியலில் அந்த இடத்தைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டும் என்பது கதை சொல்பவருக்கு நன்கு தெரியும். மழையால் மரம் வெட்ட இயலாத நாள்களிலும், சம்பளம் போட்ட இரவிலும், துக்க வீட்டில் விழித்திருக்கும் இரவிலும் இக்கதைகள் பொங்கி வந்தன. கேட்ட சிறுவர் பாட்டியின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டு, ‘இன்னொன்று சொல்லுங்க’ என்பர். இவ்வின்பத்துக்கு எந்த நுழைவுச் சீட்டும் இல்லை.

இக்கதைகளைச் சிறிது பொறுமையோடு கேட்டால் வேறொன்று புலப்படும். பேயாக வருபவர் யார்? பிள்ளைப்பேற்றில் இறந்த பெண், கடன் தாங்காமல் தூக்கிலிட்டுக்கொண்டவன், காய்ச்சலில் துணையின்றி மாண்ட புதிய ஆள், மரம் சாய்ந்து நசுங்கியவன். ஒவ்வொரு பேயும் ஒரு சாவின் பதிவு. கிராணியின் செக்குரோலில் ஒருவன் இறந்தால் அவன் பெயர் அடுத்த மாதம் இராது. அத்துடன் அவன் கதை முடிந்தது. லயத்துக் கதையிலோ அவன் அந்த மரத்தடியில் ஐம்பது ஆண்டு நின்றுகொண்டிருப்பான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழித்துப் புதிதாகத் திறந்த தோட்டங்களில் மலேரியா எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை அந்நாளைய மருத்துவர் மால்கம் வாட்சன் போன்றோர் ஆங்கிலத்தில் எழுதி வைத்தனர். நம்மவர் அதைப் பேய்க்கதையாகச் சொல்லி வைத்தனர்.

பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் பற்றித் தனியே கூற வேண்டும். தமிழகத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் சுமை தீரட்டும் என்று உறவினர் நட்ட கற்கள் அவை. வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவர். மலாயாவுக்கு வந்தபோது அந்த வழக்கம் வேரூன்றவில்லை. நிலம் நம்முடையதாக இருந்தால் அன்றோ கல் நட முடியும்? ஆனால் இங்கே அப்பெண்ணுக்கு வேறொரு வடிவம் காத்திருந்தது. மலாய் மக்கள் நம்பும் பொந்தியானாக் என்பதும் மகப்பேற்றோடு தொடர்புடைய பெண்பேயே. வாழை மரம், மல்லிகையை ஒத்த மணம், நீண்ட கூந்தல், பிடரியில் ஆணி அடித்தால் மானிடப் பெண்ணாக மாறுதல் என்று அதற்குரிய அடையாளங்கள் பல. இவற்றுள் பலவற்றை ஸ்கீட் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1900-இல் வெளியிட்ட மலாய் மந்திரவியல் நூலில் காணலாம். நம் மோகினிக்கும் மல்லிகை மணம் உண்டு, கூந்தலும் உண்டு, அவளையும் ஆணி அடித்தே மரத்தில் கட்டுவர். தோட்டத்துத் தமிழச்சியும் கம்பத்து மலாய்ப் பெண்ணும் சந்தித்துப் பேசியபோது, மொழி தட்டுத் தடுமாறியிருந்தாலும் இப்பேய் பற்றி ஒருவருக்கொருவர் விளக்க வேண்டிய தேவையே இருந்திராது.

மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகிய முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் இளமையில் தமிழும் கற்றவர். 1849-இல் அச்சேறிய தம் வாழ்க்கை வரலாற்றில், அந்நாளைய மக்கள் நம்பிய பேய் வகைகளை எடுத்துரைத்து, அவற்றை அறியாமை என்று இகழ்ந்துள்ளார். இகழ்ந்தவர் எழுதி வைத்தமையால்தான் அந்நம்பிக்கைகள் பலவற்றை இன்று நாம் அறிகிறோம் என்பது வேடிக்கை. சீனரின் வழக்கமும் நம் பட்டணங்களில் நாள்தோறும் கண்டு பழகியதே. அவர்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பசித்த ஆவிகள் உலவும் காலத்தில், மேடையிட்டுக் கூத்து நடத்துவர். முன்வரிசை நாற்காலிகளில் மனிதர் எவரும் உட்காரக் கூடாது. அவை ஆவிகளுக்கு உரியவை. பேய்க்கு அஞ்சுவதோடு நில்லாமல், பேய்க்கே கேளிக்கை காட்டும் இம்மரபு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இம்மூவினத்துப் பேய்களும் ஒரே கொட்டகையில் கூடிய காலம் 1957. அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் பொந்தியானாக் என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டது. மரியா மெனாடோ நாயகி. இயக்கியவர் பி. என். ராவ், கேரளத்தில் பிறந்தவர். முதலீட்டில் சீனர், நடிப்பில் மலாய்க்காரர், இயக்கத்தில் இந்தியர் என அமைந்த அப்படம் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டில் அதன் தொடர்ச்சியும், 1958-இல் மூன்றாம் படமும் வந்தன. அந்த 1958-இலேயே, சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன், எண்ணெய் மனிதன் என்று மக்கள் அஞ்சிய ஓராங் மிஞ்ஞாக் பற்றிப் படம் எடுத்தார். முதலிரண்டு பொந்தியானாக் படங்களின் பிரதிகள் இன்று கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அவற்றைக் கைவிடப்பட்ட ஈயக் குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்று ஒரு செய்தி உலவுகிறது. ஈயக் குட்டைக்குள் கிடக்கும் பேய்ப்படம் என்பதே ஒரு பேய்க்கதை போல இருக்கிறது அல்லவா?

தமிழ்ப் படங்களும் பின்தங்கவில்லை. வேதாள உலகம் 1948-இலும், நெஞ்சம் மறப்பதில்லை 1963-இலும், யார் நீ 1966-இலும் வந்தன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், துணியின் பின்புறம் அமர்ந்து இடவலம் மாறிய உருவங்களைப் பார்த்தவர்களும் அலறினர். படம் முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழிதான் உண்மையான படம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளையும் மறத்தல் ஆகாது. முருங்கை மரமும் தோளில் தொங்கும் உடலும், தமிழில் தட்டுத் தடுமாறிப் படித்த பிள்ளைகளையும் எழுத்துக் கூட்டி முழுக்கதையைப் படிக்க வைத்தன. கற்பித்தல் முறை பற்றி ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்றவற்றுள் பல, அவ்வேதாளம் செய்த வேலையைச் செய்ததில்லை.

மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. பேய் நம்பிக்கை நம் மக்களுக்குப் பெருங்கேடும் செய்துள்ளது. குளிர்காய்ச்சல் கண்டவனைத் தோட்டத்து மருத்துவமனை டிரசரிடம் கொண்டுசெல்லாமல், பேய் பிடித்ததென்று பூசாரியிடம் இழுத்துச் சென்று வேப்பிலையால் அடித்ததும், மனநோயுற்ற பெண்களைச் சாட்டையால் அடித்ததும் நடந்தவையே. சேர்த்த சிறு பணமும் கோழிக்கும் கயிற்றுக்கும் போயிற்று. பெரியார் 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயா வந்து பேசியதைத் தொடர்ந்து, தமிழர் சீர்திருத்த இயக்கம் இங்கே வலுப்பெற்றது. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் மூடநம்பிக்கையை எதிர்த்து உழைத்தது. அவர்கள் செய்தது வேண்டிய பணி. கதையை ரசிப்பதற்குப் பேயை நம்ப வேண்டுவதில்லை. செயங்கொண்டார் நம்பியா பாடினார்? ஆயினும் சீர்திருத்தக்காரர் நம்பிக்கையோடு சேர்த்துக் கதையையும் வெட்கத்துக்குரியதாக்கிவிட்டனர். படித்த தலைமுறை ஒன்று, பாட்டி சொன்ன பேய்க்கதையை வெளியே கூற நாணியது. அந்நாணத்தோடு, கதைக்குள் இருந்த சாவுகளும் பேசப்படாமல் போயின.

அவற்றுள் மிகப் பெரியது சயாம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இருமுனையும் இணைக்கப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதைக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். போர்க்கைதிகளாகிய வெள்ளையர்க்கு அங்கே பேணப்படும் கல்லறைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. காலராவில் மாண்டு குழிகளில் கூட்டமாகப் புதைக்கப்பட்ட நம்மவர்க்கு அவ்வாறு இல்லை. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் நாவல் அத்துயரை நமக்குப் பதிந்து வைத்தது. ஆனால் அந்நாவல் வருவதற்கு முன்பே, திரும்பி வராத கணவன் இரவில் லயத்துக் கதவைத் தட்டும் கதைகள் தோட்டந்தோறும் வழங்கின. கதவைத் திறக்கலாமா கூடாதா என்று கதை சொல்லும் பாட்டி நிறுத்துவார். கேட்கும் பிள்ளைகளுக்கு அது திகில். சொல்பவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று அப்பிள்ளைகளுக்கு அன்று தெரியாது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைந்த பாதை, கதைகளுக்கு இன்னொரு விளைநிலம். 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்தின் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் அம்மலையில் தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து உலாவச் சென்று மறைந்தார். படையினரும் காவலரும் பூர்வகுடி மக்களும் தேடினர், போமோக்களும் ஆவியோடு பேசுவோரும் வந்தனர், ஒன்றும் கிடைக்கவில்லை. உலகெங்கும் அவரைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டன. ஒரு செல்வர் காணாமற்போனால் மர்மம். தோட்டத்துக் கூலி காணாமற்போனால் ‘ஓடிப்போனான்’ என்று செக்குரோலில் ஒரு குறிப்பு.

இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புவோர் பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, ராயா ஆற்றங்கரையில் நிற்கும் கெல்லி மாளிகைக்குச் செல்ல வேண்டும். பேராவில் பேய் பார்க்கச் செல்வோர் முதலில் செல்லும் இடம் அதுவே. வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஹாலோவீன் இரவில் கிழங்கு குடைந்து விளக்கேற்றிய அதே மண். இருபது வயதில் மலாயா வந்து, பேராவில் காடு வாங்கித் திருத்தி ரப்பர் நட்டு, தம் ஊரின் பெயரால் அதற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். ஈயத்திலும் முதலிட்டார். மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டில், முன்பிருந்த வீட்டை ஒட்டியே பெருமாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கிக்கென விடப்பட்ட இடம், சுரங்க வழி என அவர் கனவு விரிந்தது. செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. மதராசிலிருந்து எழுபது தமிழ்த் தொழிலாளரை வரவழைத்தார் என்பர்.

1918-இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. மாளிகை கட்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். மாரியம்மன் சீற்றம் என்று எஞ்சியோர் அஞ்சி, கோயில் ஒன்று வேண்டும் எனக் கேட்க, ஸ்மித் வேலையை நிறுத்திக் கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அக்கோயில் இன்றும் உள்ளது. அதன் கூரையில் தெய்வத் திருவுருவங்களுக்கு நடுவே, கோட்டும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவத்தையும் காணலாம்; நன்றியுள்ள மக்கள் ஸ்மித்தை அவ்வாறு வைத்தனர் என்று கூறுவர். 1926-இல் ஸ்மித் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை. மனைவி ஆக்னஸ் நிலத்தை விற்றுவிட்டு ஸ்காட்லாந்தில் தங்கிவிட்டார்.

இன்று அது சுற்றுலாத்தலம். 1999-இல் வெளிவந்த அன்னாவும் அரசரும் என்னும் ஹாலிவுட் படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. மாடி நடையில் ஸ்மித்தின் ஆவி உலவுகிறது என்பர். அவர் மகளின் அறையில் சிறுமி உருவம் தென்படுகிறது என்பர். இக்கதைகளைக் கேட்டு மகிழ வருவோரிடம் எனக்குப் பிணக்கு இல்லை. எனக்கு ஒரேயொரு ஐயம்தான் உண்டு. ஸ்மித் இறந்தது லிஸ்பனில். மகள் ஹெலன் தாயோடு தாய்நாடு சேர்ந்தவர். இம்மண்ணிலேயே, இக்கட்டடத்தின் செங்கல்லைக் கையில் பிடித்திருந்த நாள்களிலேயே இறந்தவர்கள் தமிழர். ஆவி உலவுமாயின் முறைப்படி அவர்கள் ஆவியன்றோ உலவ வேண்டும்? பேயாக வருவதற்குக்கூட நம்மவர்க்கு அங்கே இடம் தரப்படவில்லை. மாளிகை காண வரும் பேருந்துகள் அனைத்தும் கோயில் வரை செல்வதில்லை.

பேய்க்கதை எவருடையதோ, வரலாறு அவருடையதாகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது லயங்கள் இடிக்கப்பட்டன. நிரை இல்லை; கிணறு இல்லை; முனி நின்ற மரமும் பல இடங்களில் இல்லை. இடத்தைச் சுட்டித் தொடங்கிய கதைக்கு இடமே இல்லாமற்போனால் அது எவ்வாறு தொடங்கும்? அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பாட்டிக்குத் தொலைக்காட்சிதான் துணை. பேரனுக்கோ பூசணிக்காய் முகம்.

ஆயினும் முழுவதும் அற்றுப்போகவில்லை. ஹாலோவீனை அடுத்தோ அதற்குச் சற்று முன்போ வருவது நம் தீபாவளி. அதற்கு முந்திய நாள் மாலையில், மலேசியத் தமிழர் இல்லங்களில் இறந்தோர்க்குப் படையல் இடுகின்றனர். அவரவர் விரும்பி உண்ட உணவு, புதுத் துணி, சில வீடுகளில் சுருட்டும் கள்ளும்கூட இலையில் இடம்பெறும். கதவைச் சற்று நேரம் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போரும் உண்டு. சிறுவர் அக்கதவருகே மூச்சடக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அப்பொழுதில் வீட்டிலுள்ள முதியவரிடம், இலை யாருக்காக என்று கேட்டால், கதை தானே வரும்.

பள்ளிகளில் வரலாறும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆண்டிறுதிக் கட்டுரைக்கு இதனையே பொருளாகக் கொடுத்துப் பார்க்கலாம். பேய் உண்டா இல்லையா என்னும் வழக்கு அங்கே வேண்டாம். பாட்டன் பாட்டி சொன்ன ஒரு கதையை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவரச் சொல்லலாம். அதன் அடியில் நான்கு செய்திகளை மட்டும் தவறாமல் குறிக்கச் செய்தல் வேண்டும்: எந்தத் தோட்டம், தோட்டத்தில் எந்த இடம், பேயாக வந்தவரின் பெயர், அவர் எந்த ஆண்டு, எதனால் இறந்தார்.